இயங்குதளத் தேர்வுக் குழுவில் ஒரு தையற்காரர்

தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்துவிடப்போகிறவர்களுக்காக அந்த மருத்துவமனையில் ஓர் அறை இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு தண்ணீர்க் குவளை. கத்தி வைப்பதற்கு முந்தின வாரம் நோயாளியை அங்கே உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். முதலில் அச்சடித்த வாக்கியங்கள். பிறகு மனசில் இருப்பது எது வேண்டுமானாலும். குரல் பயிற்சியாளர் என்ற பதவியில் இருந்த ஓர் அம்மாள் எதிரே உட்கார்ந்து பதிவு செய்வார். அந்தப் பதிவை வைத்துப் பின்னால் கையகலப் பெட்டி ஒன்று தருவார்கள். அதில் எழுத்தைத் தட்டினால் நோயாளியின் சொந்தக் குரலிலேயே அது பேசும். அறை வாசலில் 'குரல் பாதுகாப்பு மையம்' என்று பித்தளைப் பலகை இருந்தது. பலகையைத் தினமும் துடைத்தார்கள்.

தையற்காரரின் மனைவியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசினாள்.

அவளுக்கு ஒரு லாரிக் கம்பெனியில் தொலைபேசி எடுக்கிற வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எதை ஏற்ற வேண்டும், எந்தச் சாலை அடைத்திருக்கிறது என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பாள். முகத்தைப் பார்த்தே இராத ஓட்டுநர்கள் அந்தக் குரலை 'அக்கா' என்று கூப்பிட்டார்கள். வீட்டிலும் அதே குரல்தான். பக்கத்துத் தெருவிலிருந்த தையற்கடைக்குப் போன் செய்ய மாட்டாள். ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் கொடுப்பாள். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவார். "ஊருக்கே தெரியுது நான் சாப்பிடப் போறது" என்று அலுத்துக்கொள்வார்.

அறுவைக்குப் பிறகு கழுத்தில் ஒரு துளை மட்டும் மிஞ்சியது. மூச்சு அது வழியாக வந்து போனது. சாப்பாட்டுக்குக் கூப்பிட அவள் கரண்டியால் ஜன்னல் கம்பியைத் தட்டினாள். வேறு ஊரில் கட்டிக்கொடுத்த மகள் பிள்ளை உண்டாகி இருந்தாள். தினமும் போன் செய்வாள். அவள் பேசப் பேச இவள் விரலால் போனைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை.

"பெட்டி வந்ததும் முதல்ல என்கிட்டதான் பேசணும்மா. அப்பாகிட்ட நீ முன்னாடியே பேசினது தெரிஞ்சா, நான் வரவே மாட்டேன்" என்றாள் மகள்.

ஒரு தட்டு.

அவள் குரலில் வேறு பதிவு வீட்டில் இல்லாமலில்லை. மகள் கல்யாண வீடியோவில் அவள் பேசுகிற இடமெல்லாம் பாட்டு ஓடியது. மற்ற வீடியோக்களை எல்லாம் அவளே எடுத்திருந்தாள். அவற்றில் "இந்தப் பக்கம் பாருங்க" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பெட்டிக்கு அது போதாது.

பெட்டி வந்தது. அழகான பெட்டிதான். எதைத் தட்டினாலும் யாரோ ஓர் ஆணின் குரலில் "குரல் கோப்பு இணைக்கப்படவில்லை" என்று சொல்லியது. தையற்காரர் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்.

மையத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் ஒரு பெண் இருந்தாள். அவள் அவரை மாடிப்படிக்குக் கீழே அழைத்துப்போய் ஓர் அலமாரியைத் திறந்து காட்டினாள். துடைப்பங்களுக்கு நடுவே பழைய இயந்திரம் ஒன்று கரகரவென்று முனகிக்கொண்டிருந்தது.

"இதுதான் சார் எங்க ஃபைல் சர்வர். எல்லாரோட பதிவும் இதுலதான் இருக்கு. மத்த கம்ப்யூட்டருங்க இதுலேர்ந்துதான் எடுத்துக்கும்."

"சத்தம் நல்லா இல்லையேம்மா. என் மிஷின்ல பாபின் கேஸ் போகும்போது இப்படித்தான் வரும்."

"இதுவும் போற சத்தம்தான் சார். டிஸ்க் தேயுது. உங்க வீட்டு அம்மாவோட ஃபோல்டரைத் திறந்தா, பாதி வர்றதுக்குள்ள நின்னுடுது. புதுசு ஒண்ணு வாங்கிட்டாங்க. ரெண்டு டிஸ்க், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். ஆனா அது வெறும் பெட்டி. அதுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் போடணும். எதைப் போடறதுன்னு முடிவு பண்ற வரைக்கும் சீலை உடைக்கக் கூடாதாம்."

"எதைப் போடணும்?"

"காசு குடுத்து வாங்கறது ஒண்ணு இருக்கு, அது இந்தச் சின்ன பெட்டிக்குக் கொஞ்சம் கனம். லினக்ஸ் மாதிரி சும்மா கிடைக்கறது இருக்கு. ஃபைலை மட்டும் பத்திரமா வெச்சுக்கறதுக்குன்னே செஞ்சதும் ஒண்ணு சும்மா கிடைக்குது. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. எனக்கப்புறம் வர்றவங்களுக்கும் சுலபம். சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பிச்சா டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். லெட்டர் குடுத்திருக்கேன்."

அவள் கொடுத்த கடிதத்தில் ஒரே வாக்கியம்தான் இருந்தது. 'நம் மையத்துக்கு வாங்கியுள்ள சின்ன ஃபைல் சர்வருக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் தேர்ந்தெடுக்க வேண்டும்.' நிர்வாகம் அந்த வாக்கியத்துக்குள் புகுந்து வெளியே வரத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தது.

கடிதம் முதலில் பணியாளர் பிரிவுக்குப் போனது. சர்வர் என்ற சொல்லைப் பார்த்ததும் அவர்கள் இது தங்கள் விஷயம் என்று எடுத்துக்கொண்டார்கள். கோப்பு பரிமாறுவதற்குத் தனியாக ஒரு சர்வர் தேவையில்லை, கடைநிலை ஊழியர்களே போதும் என்று எழுதினார்கள். மேலும், 'சின்ன' சர்வர் என்று குறிப்பிட்டிருப்பதால், அவர் வேலை பார்க்கும் வயதை எட்டிவிட்டாரா என்பதற்குச் சான்று கேட்டார்கள்.

அங்கிருந்து அது அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போனது. ஆபரேட்டிங் என்று இருந்தால் அங்கேதான் போகும். மயக்க மருந்து நிபுணர் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றும், சர்வர் முந்தின இரவிலிருந்து வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்றும் குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டார்.

குழப்பம் ஆங்கிலத்தால்தான் என்று யாரோ கண்டுபிடித்து, ஆபரேட்டிங் சிஸ்டத்தை அடித்துவிட்டு 'இயங்குதளம்' என்று திருத்தினார்கள். உடனே அது கட்டடப் பிரிவுக்குப் போனது. இரண்டு பேர் டேப்பும் சுத்தியலுமாக வந்து மையத்தின் தரையைத் தட்டிப் பார்த்தார்கள். 'இயங்குகிற தளத்தைத் தாங்கும் வலு இந்தக் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு இல்லை. தளம் இயங்காமல் இருப்பதே நோயாளிகளுக்கு நல்லது' என்று அறிக்கை கொடுத்தார்கள்.

இத்தனை துறைகள் சம்பந்தப்பட்ட விஷயம் சாதாரணமானதாக இருக்க முடியாது என்று மருத்துவமனை இயக்குநர் முடிவுக்கு வந்தார். குழு ஒன்று அமைக்கச் சொன்னார். விதிப்படி அதில் பொதுமக்கள் தரப்பில் ஒருவர் வேண்டும். பயனாளியின் உறவினராக இருப்பது உத்தமம். அந்த நேரத்தில் இயக்குநர் அறைக்கு வெளியே பெஞ்சில், மடியில் துணிப்பையுடன், தையற்காரர் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டார் இயக்குநர்.

"தெரியாதுங்க. நான் துணி தைக்கறவன். என் மனைவியோட குரல் மட்டும்…"

"ரொம்ப நல்லது. தெரிஞ்சவங்களைப் போட்டா ஏற்கெனவே ஒரு அபிப்பிராயத்தோட வருவாங்க. நமக்கு நடுநிலை முக்கியம்."

அப்படித்தான் அவர் உறுப்பினர் ஆனார்.

முதல் கூட்டத்தில் வழவழவென்ற நீள மேசை போட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மூடிய தண்ணீர் பாட்டில், புதுப் பேனா, பெயர்ப்பலகை. அவருடைய பலகையில் 'மாண்புமிகு உறுப்பினர் (பொதுமக்கள்)' என்று இருந்தது. அவர் பக்கத்தில் யாராவது வந்து உட்காரப்போகிறார்களோ என்று பார்த்தார். வரவில்லை. தான்தான் அது என்று புரிந்ததும் சட்டையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

குழுவின் பெயரை முடிவு செய்வதுதான் முதல் அலுவல். 'இயங்குதளம் தேர்வுக் குழு' என்று எழுதுவதா, 'இயங்குதளத் தேர்வுக் குழு' என்று எழுதுவதா என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. மகரம் கெடும் என்றது ஒரு தரப்பு. அரசுப் பணத்தில் எதுவும் கெடக்கூடாது என்றது இன்னொரு தரப்பு. டீ வந்தது. பிஸ்கட் வந்தது. இலக்கண அறிஞர் ஒருவரின் கருத்தைக் கேட்டு எழுதுவது என்ற தீர்மானத்துடன் கூட்டம் முடிந்தது.

அதற்கடுத்த கூட்டத்தில் கம்ப்யூட்டர் பெண் தன் யோசனையைச் சொன்னாள். சும்மா கிடைக்கிறது என்ற சொல்லைக் கேட்டதும் கொள்முதல் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நீளமாகப் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"சும்மான்னா என்னன்னு கொஞ்சம் யோசிக்கணும். சும்மான்னா விலை இல்லை. விலை இல்லைன்னா பில் இல்லை. பில் இல்லைன்னா நாம அதை வாங்கலை. வாங்காத பொருள் நம்ம கட்டடத்துக்குள்ள இருந்தா அதுக்கு என்ன பேரு? திருட்டுச் சொத்து. இந்த நாற்காலில வந்து உக்காந்ததுலேர்ந்து என் கையெழுத்து சும்மா போனதா ஒரு சரித்திரம் கிடையாது. வேணும்னா யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க."

யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அதுமட்டுமில்லை," என்றார் இயக்குநர். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைத் திட்டறது? காசு குடுத்து வாங்கினா, திட்டறதுக்கு ஒரு கம்பெனி இருக்கும். ஒரு நிறுவனம்னா பொறுப்பேத்துக்க வேற ஒருத்தர் எப்பவும் தயாரா இருக்கணும். அதுதான் நிர்வாகம்."

தையற்காரர் கையைத் தூக்கினார். "ஐயா, புது சர்வர் எப்ப வேணாலும் ஓடட்டுங்க. அதுவரைக்கும் என் மனைவி பேசினதை மட்டும் ஒரு காப்பி எடுத்துக் குடுத்துட்டா…"

இயக்குநர் வருத்தத்துடன் தலையசைத்தார். உண்மையான வருத்தம்தான். "உங்க கஷ்டம் புரியுது. ஆனா நோயாளியோட உடம்புலேர்ந்து எடுத்த எதையும் வீட்டுக்குக் குடுத்தனுப்பக் கூடாதுன்னு விதி இருக்கு. கட்டியா இருந்தாலும் சரி, குரலா இருந்தாலும் சரி. கருவி மூலமாத்தான் குடுக்க முடியும். கருவிக்கு சர்வர் வேணும். சர்வருக்கு நாம வேணும்."

நாம என்று சொன்னபோது அவர் தையற்காரரையும் சேர்த்துக் கை காட்டினார்.

காசு கொடுத்து வாங்கும் இயங்குதளத்துக்கு விலை கேட்டு எழுதினார்கள். உபயோகிக்கிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் கட்டணம் என்று பதில் வந்தது. நாங்க நாலு பேர் என்றாள் கம்ப்யூட்டர் பெண். அது எப்படி என்றார் கொள்முதல் அதிகாரி. குரல் நோயாளியுடையது, ஆகவே நோயாளியும் உபயோகிக்கிறவர். அதைக் கேட்கப்போகிற குடும்பத்தார் உபயோகிக்கிறவர்கள். இன்னும் நோய் வராத, ஆனால் வரக்கூடிய பொதுமக்களை விட்டுவிட்டால் நாளைக்குத் தணிக்கையில் யார் பதில் சொல்வது? கணக்குப் போட்டு முடித்தபோது, அந்த விலைக்கு மருத்துவமனையையே இன்னொன்று கட்டலாம் போலிருந்தது. கட்டுப்படியாகாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

ஆக, கட்டுப்படியாவதை வாங்க முடியாது. வாங்க முடிந்தது கட்டுப்படியாகாது. பல கூட்டங்கள் இந்த இடத்திலேயே நின்றன. கடைசியில் கொள்முதல் அதிகாரிதான் வழி கண்டுபிடித்தார். இலவச இயங்குதளத்தை நியாயமான விலைக்கு விற்க முன்வரும் நிறுவனங்களிடம் டெண்டர் கோருவது. மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். இரண்டு நிறுவனங்கள் விண்ணப்பித்தன. மூன்று இருந்தால்தான் உறையைப் பிரிக்கலாம். மூன்றாவதுக்காகக் காத்திருந்தார்கள்.

இந்தக் காத்திருப்பில் தையற்காரருக்கு என்னவோ ஆகிவிட்டது.

அவர் வாழ்க்கையில் 'இந்தாப்பா, டெய்லர்' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டிருக்கிறார்கள். மருத்துவமனை வாசலில் காவலாளி இப்போது எழுந்து நின்றான். கழுத்தில் தொங்கவிட அட்டை கொடுத்திருந்தார்கள். அவர் அதைக் கடையிலும் கழற்றவில்லை. சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் காத்திருக்க, "இன்னைக்கு மீட்டிங் இருக்கு" என்று கடையைச் சாத்தினார். வீட்டில் கூட்ட விவரங்களை மனைவிக்குச் சொன்னார். "இவங்க நினைக்கற மாதிரி இது சின்ன விஷயம் இல்லை. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு" என்றார். அவள் ஆரம்பத்தில் ஆர்வமாகக் கேட்டாள். தனக்குப் பெரிய மனிதர்களோடு பழக்கமாகிவிட்டது என்று அவரையே மகளிடம் போனில் சொல்லவும் வைத்தாள். போகப் போக, அவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

ஒருநாள் கூட்டம் முடிந்து இறங்கும்போது மாடிப்படியில் கம்ப்யூட்டர் பெண் வழிமறித்தாள்.

"சார், அந்த டிஸ்க் இந்த வாரம் தாங்காதுன்னு தோணுது. இன்னைக்குக் காலைல ரொம்ப நேரம் முயற்சி பண்ணி அம்மாவோட ஃபோல்டரைத் திறந்துட்டேன். என் சொந்த டிஸ்க் ஒண்ணு பையில இருக்கு. இப்பவே காப்பி பண்ணித் தர்றேன். நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க, நானும் சொல்லலை."

அவர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கழுத்து அட்டை காற்றில் ஆடியது.

"நான் கமிட்டில இருக்கறவன்மா. நானே இப்படிப் பண்ணலாமா? மத்தவங்களுதும் இருக்கே உள்ள. என் வீட்டுக்கு மட்டும் திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போனேன்னா, அந்த மேசைல எந்த முகத்தோட உக்காருவேன்?"

"அப்ப எல்லாருதையும் எடுக்கறேன் சார். முடிஞ்ச வரைக்கும்."

"மூணாவது கம்பெனி வந்தாச்சாம். அடுத்த கூட்டத்துல உறையைப் பிரிச்சிடுவாங்க. டைரக்டரே சொன்னாரு, என் தோள்ல கைபோட்டுச் சொன்னாரு. முறைப்படியே வாங்கிக்கலாம்மா."

அவளுக்கும் பயம்தான். ஒப்பந்தம் முடியப்போகிற நேரம். அவர் வேண்டாம் என்றதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்திருக்கலாம். "சரி சார்" என்று பையின் ஜிப்பை மூடினாள்.

அடுத்த கூட்டத்தன்று அவர் சீக்கிரமே போய்விட்டார். மாடிப்படிக்குக் கீழே அலமாரி திறந்திருந்தது. முன்னால் அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அட, கரகரப்பு போயிடுச்சே. சரியாயிடுச்சா?" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நின்னுடுச்சு சார்."

அவர் இயந்திரத்தின்மேல் காதை வைத்துப் பார்த்தார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்தார். வெளியே எங்காவது கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். உள்ளே தட்டே உரிந்துபோயிருக்கிறது, திறந்து பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை என்றாள். அதோடு, நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டவை அடங்கிய பொருளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று இயக்குநர் உத்தரவு போட்டுவிட்டார். டிஸ்கை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, சதைத் துண்டுகளும் ரத்தக் குப்பிகளும் இருக்கும் குளிர்ப்பெட்டியில் சீட்டு ஒட்டி வைத்தார்கள்.

கூட்டம் நடந்தது. எல்லோரும் எழுந்து மௌனமாக நின்று பழைய சர்வரின் நீண்டகாலச் சேவையை நினைவுகூர்ந்தார்கள். பிறகு இயக்குநர் பேசினார்.

"ஒரு பெரிய சுமை குறைஞ்சிருக்கு. இத்தனை நாள் நாம அவசரத்துல முடிவெடுக்க வேண்டிய நிர்ப்பந்தத்துல இருந்தோம். அந்த அவசரம் இப்ப இல்லை. இனிமே நிதானமா, தரமா ஒரு முடிவு எடுக்கலாம்."

மூன்று உறைகளையும் பிரித்தார்கள். இலவசமானதை மிகக் குறைந்த விலைக்கு விற்க முன்வந்த நிறுவனத்துக்கு ஆர்டர் போனது. பில் வந்தது. அந்தப் பெண் சொன்ன அதே இயங்குதளம்தான். நிறுவனத்து ஆள் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பித்து டீ வருவதற்குள் முடித்துவிட்டான். அவள் அதைப் பார்க்கவில்லை. அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

தையற்காரர் வீட்டில் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் கடையைத் திறக்கும்போது இன்று சொல்லிவிடுவது என்று நினைப்பார். கரண்டிச் சத்தம் கேட்டுச் சாப்பிடப் போவார்; அவள் முகத்தைப் பார்ப்பார்; "அடுத்த கூட்டத்துல முடிஞ்சிடும்" என்பார். புது சர்வர் திறப்பு விழா அழைப்பிதழ் வந்தபோது அவர் கடையில் இருந்தார். தபாலை வாங்கியது அவள். 'பயனாளியின் திருக்கரங்களால்' என்று அதில் போட்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது, அவள் தன் நல்ல உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சிரித்தாள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அழைப்பிதழை எடுத்து, அதில் தன் பெயரைச் சுட்டிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார்.

விழாவில் முதல் வரிசையில் அவளை உட்காரவைத்தார்கள். ஒரு கையில் பேசும் பெட்டி. இன்னொரு கையில் போன். போனில் மகள் காத்திருந்தாள். அவளும் கேட்க வேண்டும் என்று இவள்தான் ஏற்பாடு செய்திருந்தாள். குழு உறுப்பினர்கள் மேடையில் இருந்தார்கள். தையற்காரர் ஓரத்து நாற்காலியில் இருந்தார்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் புதிய சர்வரைப் பற்றி நான் பெருமையுடன் சில உண்மைகளைச் சொல்ல வேண்டும். இது நிறுவப்பட்ட நாளிலிருந்து இதுவரை ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை. ஒரு நொடிகூட இது தாமதித்ததில்லை. இதன் கொள்ளளவு முழுவதும் அப்படியே மீதம் இருக்கிறது. இது போன்ற சிக்கனமான சர்வரை நான் வேறு எந்த மருத்துவமனையிலும் பார்த்ததில்லை. குரல்கள் வரும், போகும். நிறுவனம் நிலைக்க வேண்டும்."

கைதட்டல். அவளை மேடைக்கு அழைத்து ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினாள். பின்னாலிருந்த பெரிய திரையில் அவள் பெயர் போட்ட கோப்புறை ஒன்று மெல்லத் திறந்தது. அதன் நடுவில் ஓர் எழுத்து வரி வந்தது: 'இந்தக் கோப்புறை காலியாக உள்ளது.'

அரங்கமே தட்டியது. அவளும் பெட்டியையும் போனையும் கையிடுக்கில் வைத்துக்கொண்டு தட்டினாள். ஏதோ ஆரம்பிக்கப்போகிறது என்று திரையைப் பார்த்தபடி நின்றாள். கைதட்டல் ஓய்ந்தது. அப்போது அந்த அமைதியில் போனிலிருந்து மகளின் குரல் கேட்டது.

"அம்மா? இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?"

அவள் திரும்பி மேடை ஓரத்தைப் பார்த்தாள். தையற்காரர் எழுந்து நின்றிருந்தார். கழுத்து அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனை வாய்க்கருகே கொண்டுபோனாள், பழைய பழக்கத்தில். பிறகு விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

வெளியே வாசற்படியில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். டிஸ்க் நின்றதையும், அந்தப் பெண் காப்பி எடுத்துத் தருகிறேன் என்றதையும், தான் வேண்டாம் என்றதையும்கூட. "தப்புப் பண்ணிட்டேன்" என்றார். அவள் கேட்டு முடித்துவிட்டு முன்னால் நடந்தாள். பேருந்தில் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு சில நாள் ஜன்னலில் கரண்டிச் சத்தம் வரவில்லை. அவராகவே பசி எடுத்தபோது போய், மூடிவைத்திருந்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ஒருநாள் காலை அவள் கடைக்கே வந்தாள். அவர் கால்சட்டை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். அவள் மேசையிலிருந்த சுண்ணக்கட்டியை எடுத்து, விரித்திருந்த கறுப்புத் துணியில் எழுதினாள்: 'அங்க நான் என்ன பேசினேன்?'

அவர் புரியாமல் பார்த்தார். அவள் மேலும் எழுதினாள். 'பயத்துல எதுவும் ஞாபகம் இல்லை.'

அவருக்கும் தெரியாது. சத்தம் வெளியே போகாத அறை அது. அவர் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். அவள் பேசியதைக் கேட்ட ஒரே ஆள் குரல் பயிற்சியாளர் அம்மாள்தான். கடையைப் பூட்டிக்கொண்டு இருவரும் போனார்கள்.

அந்த அம்மாள் பஞ்சு ஒட்டிய அறையிலேயே அவர்களை உட்காரவைத்தார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"எத்தனை பேர் வந்து பேசியிருக்காங்க… எல்லாம் கலந்துபோகுது. லாரிக்காரங்களைப் பத்தி நிறைய சொன்னீங்க. யாரோ ஒரு டிரைவர் பாலத்து மேல வண்டி நின்னுபோய் அழுதாருன்னு. அவரைப் பாடச் சொன்னீங்களாம். பொண்ணு பிறந்தன்னைக்கு மழை பெஞ்சதுன்னு… இல்லை, அது வேற ஒருத்தங்க. தப்பா சொல்லிடுவேன்."

தையற்காரரின் மனைவி நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள்.

"ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. கடைசி நாள். நேரம் ஆயிடுச்சுன்னு நான் கை காட்டினேன். நீங்க எழுந்திருக்கவே இல்லை. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, 'போதுமா? இன்னும் பேசணுமா?'ன்னு கேட்டீங்க." அந்த அம்மாள் கீழே பார்த்தார். "நான் போதும்னு சொல்லிட்டேன். வெளியில அடுத்தவங்க காத்திட்டிருந்தாங்க."

அவள் தலையை ஆட்டினாள். சொன்ன விதம் அப்படி இல்லை என்பதுபோல. கணவரைப் பார்த்து, நீங்க சொல்லுங்க என்று சைகை செய்தாள்.

"போதுமா? இன்னும் பேசணுமா?" என்றார் அவர். அளவு படிப்பதுபோல ஒரே இழுப்பில் வந்தது.

அதுவும் இல்லை என்று தலையாட்டினாள். இரண்டு பேரையும் பார்க்கச் சொல்லி விரலை உயர்த்தினாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். புருவத்தைக் கொஞ்சம் தூக்கி, உதட்டோரத்தில் கேலியாக ஒரு சிரிப்புடன், அந்த இரண்டு கேள்விகளையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். கழுத்துத் துளையில் காற்று மட்டும் வந்தது.

"பேசணும்," என்றார் தையற்காரர். "இன்னும் பேசணும்."